நிர்மலா மேடத்தின் நற்சான்று

பொறாமை என்று பேச்செடுத்தால் எல்லாருக்கும் பக்கத்து வீட்டுக்காரியின் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். தன் முகம் வருவதில்லை. நிர்மலாவுக்கு வந்தது. அதுவும் ஐம்பத்தோராவது வயதில், ஒரே மைதானத்தில் இருபத்து மூன்று வருஷம் விசில் ஊதிய பிறகு வந்தது.

கள்ளக்குறிச்சிக்கும் தியாகதுருகத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற பெண்கள் கல்லூரி அது. அங்கே நிர்மலா உடற்கல்வி இயக்குநர். வாலிபால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரும் அவளேதான். பிள்ளைகளுக்கு 'மேடம்', வாட்ச்மேனுக்கு 'பெரியம்மா', தாளாளருக்கு 'நம்ம நிர்மலா'. ஆறடிக்கு இரண்டு விரற்கடை குறைவான உயரம். களமருதூரில் அவள் வளர்ந்தபோது அது ஒரு குறை. 'இந்தப் பனமரத்த எவன் கட்டிப்பான்' என்று சொந்தக்காரர்கள் அவள் அப்பா கொளஞ்சியப்பனைக் கேட்காத நாளில்லை. அவர் குத்தகை நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்த மனிதர். மழை வருமா என்ற கவலைக்கு நடுவில் மகளின் உயரத்தைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரமில்லை. பள்ளிக்கூடத்தில் வலை கட்டி ஆடக் கூப்பிட்டபோது, "போயேன், இன்னா இப்ப" என்று விட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் நிர்மலாவின் மொத்தப் படிப்புக்கும் வேலைக்கும் மூலதனம்.

பல்கலைக்கழகத்துக்கு ஆடினாள். மாநில அணித் தேர்வு வரைக்கும் போய், முட்டி விலகித் திரும்பினாள். 2001இல் இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது மைதானம் என்று காட்டியது ஒரு மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலைச் செடி பிடுங்கின குழிகூட மூடவில்லை. ஆறு பேர் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு அந்த வருஷம் ஐந்து பெண்கள்தான் வந்தார்கள். ஆறாவது ஆளாகப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இவளே நின்றாள்.

அடுத்த பத்து வருஷம் அவள் ஆடியது வாலிபால் இல்லை, அப்பன்மார்களோடு கபடி. சங்கராபுரம் பக்கம் ஒரு ஊர் பாக்கியில்லாமல் டிவிஎஸ் ஃபிப்டியில் போய் வாசலில் நிற்பாள். கூலி வேலைக்குப் போகிற வீடுகள். சனிக்கிழமை மகள் களை வெட்டப் போகாவிட்டால் அந்த வாரம் கையைக் கடிக்கும். "பொம்பளப் புள்ள டவுசர் போட்டுகினு குதிக்கிறதாங்க?" என்பார்கள். "முழு பேண்ட்டுதாங்க. நான் ஜவாப்தாரி. போலீஸ்ல எடுக்கறாங்க, ரயில்வேல எடுக்கறாங்க, ஆட்டத்துக்குனு சீட்டு தனியா இருக்குதுங்க" என்பாள். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அவளிடம் ஆடியவர்களில் ஒன்பது பேர் இன்று காக்கி போட்டிருக்கிறார்கள். தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் எஸ்.ஐ. இவளைப் பார்த்துச் சல்யூட் அடித்ததை நிர்மலா ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்றே ஒன்றுதான் குறை. பல்கலைக்கழகக் கோப்பை. கல்லூரிகளுக்கு இடையே நடக்கிற அந்தப் போட்டியில் ஐந்து தடவை இறுதி ஆட்டம் வரை போய் ஐந்து தடவையும் தோற்றிருக்கிறாள். அவள் அறையின் கண்ணாடி அலமாரியில் ஐந்து இரண்டாம் பரிசுக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். அதைத் துடைக்கும்போதெல்லாம் ரிட்டயர் ஆவதற்குள் ஒரு முதல் பரிசு, தன் கையால், தன் பெயரில் என்று நினைத்துக்கொள்வாள். அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அவளுக்கென்று ஒரு பழக்கமும் உண்டு. ஆட்டத்தன்று காலையில் பத்துப் பெண்களுக்கும் அவளே தலை பின்னிவிடுவாள். இரட்டைப் பின்னல், மடித்துக் கறுப்பு ரிப்பனால் இறுக்கி ஒரு கட்டு. அவள் ஆடிய காலத்தில் ஏதோ ஒரு அம்பயர், ஜடை வலையில் பட்டது என்று ஃபவுல் கொடுத்துவிட்டாராம். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். "சட்டத்துல இல்லன்னா அம்பயர் வாய்ல இருக்கும்" என்பாள். நிஜம் என்னவென்றால், தலை பின்னுகிற அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அவள் ஒவ்வொருத்தியிடமும் தனியாகப் பேசுவாள். எதிராளி எங்கே அடிப்பாள், நீ எங்கே நிற்க வேண்டும் என்று காதுக்குள் சொல்வாள். மற்ற நேரமெல்லாம் விசிலும் கத்தலும்தான். பின்னலின்போது மட்டும் குரல் இறங்கியிருக்கும்.

இப்படி இருந்தவளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் உதவிப் பயிற்சியாளர் என்று கல்லூரி ஒரு ஆளை நியமித்தது. பெயர் கண்ணகி. இருபத்தாறு வயது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே பஸ் போகாத ஒரு ஊர். சேலத்தில் படித்தவள். நேர்முகத்தில் தாளாளர், "மலையில வாலிபால் ஆடறதுக்கு எடம் ஏதும்மா?" என்று கேட்டார்.

"எடம் சரிவாதான் சார் இருக்கும். பந்து கீழ வுழுந்தா உருண்டு ஓடைக்குப் போயிடும். யாரு வுட்டாங்களோ அவங்கதான் எறங்கிப் போயி எடுத்துகினு வரணும். போயி வர இருவது நிமிசம். அதனால எங்கூர்ல யாரும் பந்தக் கீழ வுட மாட்டோம் சார்."

எல்லாரும் சிரித்தார்கள். நிர்மலாவும் சிரித்தாள். கண்ணகி சொன்னதற்கு நிர்மலா சிரித்தது அதுதான் கடைசி.

ஆறு மாதத்தில் பெண்கள் கண்ணகியை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இருபது வருஷமாக யாரும் தன்னை அப்படிக் கூப்பிடவில்லையே என்று அதுவரை நிர்மலாவுக்குத் தோன்றியதே கிடையாது. அன்றைக்குத் தோன்றியது. கண்ணகி ஊருக்குப் போய்வந்தால் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவருவாள். மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நிர்மலாவுக்கும் ஒரு தட்டு தனியாக வரும். "எனக்கு கேஸ் ட்ரபிள்" என்று திருப்பி அனுப்புவாள். அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று காதைத் தீட்டுவாள். அவர்கள் பாவம், சினிமா பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு தடவை காய்ச்சலில் மூன்று நாள் லீவு போட்டாள். தான் இல்லாமல் மைதானம் காடாகியிருக்கும் என்று நம்பி நான்காம் நாள் வந்தால், பயிற்சி முன்னைவிட ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அது காய்ச்சலைவிட மோசமாக அடித்தது. இன்னொரு தடவை, உள்ளூர்ப் போட்டி ஒன்றில் ஜெயித்த படத்தைப் பெண்கள் எல்லாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். நடுவில் கண்ணகி, சுற்றிப் பத்துப் பேர். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. தங்க வளையலை வைத்து அது தன் முழங்கை என்று நிர்மலா கண்டுபிடித்தாள். வீட்டில் புருஷன் பழனியிடம் போனை நீட்டினாள்.

"பாருங்க, இருவது வருஷம் கட்டி மேய்ச்சவளுக்கு முழங்க மட்டும்தான்."

பழனிக்குத் தியாகதுருகத்தில் உரக்கடை. தினம் விவசாயிகளின் புலம்பலைக் கேட்டுப் பழகிய காது. "முழங்கையாவது வந்துதே, உடு" என்றார்.

விடுவாளா? கண்ணகிக்கு வேலைகள் முளைத்தன. பந்துகளுக்குக் காற்றடிப்பது, வலையைத் துவைத்துக் காயப் போடுவது, பயிற்சி சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து ஆபீசில் போய்ப் பெண்களுக்குப் போனஃபைட் சர்டிபிகேட் வாங்கி வருவது. கண்ணகி ஒரு தடவையாவது முகம் சுளித்திருந்தால் நிர்மலாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தப் பெண் "சரிங்க மேடம்" என்று சிரித்தபடி போய், ஓடிவந்து மறுபடி பயிற்சியில் நிற்கும். நல்லவர்கள்மேல் வருகிற எரிச்சலுக்கு மருந்தே கிடையாது. கெட்டவர்களையாவது நாலு பேரிடம் சொல்லித் திட்டலாம்.

இதற்கிடையில் அணி தேறிவிட்டது. அதை மறுக்க நிர்மலாவாலும் முடியவில்லை. பெண்கள் விழுந்து புரண்டாவது பந்தை எடுத்தார்கள். கண்ணகி ஒரு புதுப் பாடம் வைத்திருந்தாள். யார் பந்தைக் கீழே விடுகிறாளோ அவள் காம்பவுண்ட் சுவர் வரைக்கும் ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வர வேண்டும். ஓடையை மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். கூடவே, ஆட்டக்காரிகள் நிற்கிற வரிசையையும் மாற்றினாள். அணியில் நெட்டையானவர்கள் இரண்டு பேர். நிர்மலாவின் பழைய வரிசையில் அவர்கள் அடுத்தடுத்து நிற்பார்கள். முன்வரிசைக்கு இரண்டு பேரும் சேர்ந்து வரும்போது சுவர் கட்டினதுபோல இருக்கும். ஆனால் சுற்று மாறி இரண்டு பேரும் சேர்ந்து பின்னால் போய்விட்டால், முன்னால் குட்டைகள் மட்டும் நின்று அடி வாங்குவார்கள். கண்ணகி இரண்டு பேரையும் எதிரெதிராகப் பிரித்து நிற்க வைத்தாள். எந்தச் சுற்றிலும் ஒருத்தி முன்னால் இருப்பாள். இரண்டு மாதம் அப்படியே பழகினார்கள். நிர்மலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்பதுதான் அவள் வாய்க்குள்ளேயே கடித்துக்கொண்ட கேள்வி.

ஜனவரியில் விழுப்புரத்தில் போட்டி. காலிறுதி, அரையிறுதி எல்லாம் ஊதித் தள்ளிவிட்டு ஆறாவது தடவையாக இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றார்கள். காலையில் நிர்மலா பதிவு மேஜையில் கையெழுத்துப் போடப் போனாள். அங்கே யாரோ ஒரு அதிகாரி ஒரு காகிதம் குறைகிறது என்று முக்கால் மணி நேரம் இழுத்தடித்தார். ஒரு வழியாக முடித்துக்கொண்டு, கைப்பையில் சீப்பும் ரிப்பனுமாக ஓடி வந்தாள்.

பத்துத் தலையும் பின்னி முடிந்திருந்தது. இரட்டைப் பின்னல், மடித்துக் கறுப்பு ரிப்பன். ஒரு முடி பிசிறவில்லை. கடைசியாக அணித் தலைவி சுபஸ்ரீயின் ரிப்பனுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு கண்ணகி எழுந்தாள்.

"லேட்டாவுதேன்னு நானே பின்னிட்டேன் மேடம். நீங்க பின்றா மாதிரியே."

நிர்மலாவுக்கு அடிவயிற்றில் யாரோ கொள்ளிக்கட்டையை வைத்ததுபோல் இருந்தது. இந்த ஒன்றாவது தனக்கு மிச்சமிருக்கிறது என்று நினைத்திருந்தாள். "ம்" என்றாள். சீப்பை உள்ளே போட்டுக் கைப்பையின் ஜிப்பை இழுத்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாலிபாலில் ஒவ்வொரு செட்டும் தொடங்குவதற்கு முன்னால் பயிற்சியாளர் ஒரு சிறிய சிலிப்பில் ஆறு பேரின் எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டு அம்பயரிடம் தர வேண்டும். அந்த வரிசையில்தான் நின்றாக வேண்டும். கொடுத்த சிலிப் கொடுத்ததுதான், சாமி வந்தாலும் மாற்ற முடியாது. எழுதுகிற அதிகாரம் தலைமைப் பயிற்சியாளருக்கு. உள்ளங்கை அகலக் காகிதம்தான். ஆனால் அதில் கண்ணகியின் கை படாது.

நிர்மலா பழைய வரிசையை எழுதினாள்.

கைமறதி என்று பிற்பாடு அவள் தன்னிடமே சொல்லிப் பார்த்தாள், நிற்கவில்லை. தெரிந்தேதான் எழுதினாள். ஜெயித்தால் தன் வரிசையில் ஜெயிக்கட்டும் என்று எழுதினாள். தோற்றால் என்ன என்று யோசித்தாளா? யோசித்தாள். தோற்றாலும் அது தன் தோல்வியாக இருக்கட்டும் என்று நினைத்தாள். பொறாமை ஏறிவிட்டால் கணக்கு இப்படித்தான் போகும்.

அம்பயர் சிலிப்பைப் பார்த்துப் பெண்களை மாற்றி நிற்கச் சொன்னபோது சுபஸ்ரீ திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். அவள் பார்த்தது நிர்மலாவை இல்லை, கண்ணகியை. கண்ணகி லேசாகத் தலையை ஆட்டினாள், ஆடு என்பதுபோல. அந்தத் தலையாட்டலையும் நிர்மலா பார்த்தாள்.

முதல் செட் 25க்கு 16 என்று போய்விட்டது. நெட்டைகள் இரண்டும் பின்னால் போனபோதெல்லாம் எதிராளிகள் இளித்துக்கொண்டு அடித்தார்கள். இடைவேளையில் கண்ணகி மெதுவாகக் குனிந்து, "மேடம், அந்த ரெண்டு பேரையும் கொஞ்சம் பிரிச்சி எழுதலாங்களா?" என்றாள்.

"இன்னா எழுதணும்னு எனக்குத் தெரியும். போயி தண்ணி எடுத்துகினு வா."

கண்ணகி தண்ணீர் எடுக்கப் போனாள். நிர்மலா அதே வரிசையை மறுபடி எழுதினாள். பேனா காகிதத்தைக் கிழிக்கப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததை விழுப்புரத்துக்காரர்கள் இன்னும் பேசுகிறார்களாம். குட்டைகள் முன்னால் நிற்க, எதிராளிகள் இடியாக இறக்க, பந்து கீழே விழவே இல்லை. ஒருத்தி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு எடுப்பாள், அவள் கையில் தெறித்ததை இன்னொருத்தி கொடிக்கம்பம் வரை ஓடி எடுப்பாள். சுபஸ்ரீ ஒரு பந்துக்காக ஸ்கோர் எழுதுகிறவர் மேஜைமேலேயே போய் விழுந்தாள். அடித்து அடித்து எதிராளிகளின் கைதான் ஓய்ந்தது. இரண்டாவது செட் 25க்கு 23, மூன்றாவதும் அதே வரிசையில் 15க்கு 12. பெண்கள் கத்திக்கொண்டு வந்து நிர்மலாவைத் தூக்கினார்கள். ஐம்பத்தோரு வயதில், எழுபத்தாறு கிலோவில், அவள் காற்றில் மிதந்தாள். இருபத்து மூன்று வருஷம் கேட்ட வரம் கிடைத்துவிட்டது. கீழே கண்ணகி எல்லாருடைய செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு நின்று கைதட்டினாள்.

தோற்ற அணியின் பயிற்சியாளர் தமிழழகன், நிர்மலாவுக்கு இருபது வருஷப் பழக்கம். கைகொடுக்க வந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க. நீங்க குடுத்த வரிசையில நின்னு ஒரு டீமும் ஜெயிக்காது. உங்க புள்ளைங்க பந்தக் கீழ வுடல, அதான் மேட்டர். இத யாருங்க கத்துக்குடுத்தது?"

"நாங்கதான்" என்றாள் நிர்மலா. பன்மையில் சொன்னதற்காகத் தன்னைத் தானே மெச்சிக்கொள்ளவும் பார்த்தாள். முடியவில்லை.

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நிர்மலா படம் ஆளுயரம், கண்ணகி படம் தபால்தலை அளவு. நிர்மலா அதைப் போகும்போதும் பார்த்தாள், வரும்போதும் பார்த்தாள். முதல் பரிசுக் கோப்பை அலமாரியில் ஏறிவிட்டது. ஆனால் அதைத் துடைக்கக் கையை நீட்டினாலே தமிழழகன் சொன்னது காதில் கேட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பெண்களும் பஸ் பிடித்து, கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறி, கண்ணகியின் ஊருக்குப் போய்வந்தார்கள். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதுவும் ஸ்டேட்டஸில்தான் தெரிந்தது. இந்தத் தடவை முழங்கைகூட இல்லை.

இந்த நேரத்தில்தான், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல ஒரு போன் வந்தது. சேலம் பக்கம் ஒரு பெரிய கல்லூரி. தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குக் கண்ணகி விண்ணப்பம் போட்டிருக்கிறாளாம். மூன்று பேரில் ஒருத்தியாக வடிகட்டி வைத்திருக்கிறார்களாம். இப்போது அவள் வேலை பார்க்கிற இடத்தின் தலைமைப் பயிற்சியாளரிடமிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் தேவையாம். "நீங்க என்ன எழுதுறீங்களோ அதை வெச்சுதான் மேடம் முடிவு பண்ணுவோம்" என்றார்கள்.

நிர்மலா போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். போய்விடுவாள்! அவளாகவே போய்விடுவாள்! தன் கையில் ஒரு பாவமும் ஒட்டாமல், வாழ்த்தி வழியனுப்பி, மறுநாளிலிருந்து மைதானம் பழையபடி தன்னுடையது. அதற்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு நல்ல கடிதம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் எழுத உட்கார்ந்தாள். முதலில் 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்' என்று எழுதினாள். அதைப் பார்த்தால் அவளுக்கே கொட்டாவி வந்தது. மற்ற இரண்டு பேருக்கும் இதையேதானே எழுதியிருப்பார்கள்? இவளைத்தான் எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டும். கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுத ஆரம்பித்தாள்.

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு குடும்பத்தோடு கரும்பு வெட்டப் போய்விட்ட சுபஸ்ரீயை மீட்க, கண்ணகி தோட்டத்துக்கே போய் இரண்டு நாள் கூட நின்று கரும்பு வெட்டினதை எழுதினாள். மூன்றாம் நாள் அந்த அப்பன், மகளைத் தானே பஸ் ஏற்றிவிட்டான். ஒரு பெண் போடுகிற சர்வீஸைப் பார்த்தே, அவள் காலையில் சாப்பிடவில்லை என்று கண்ணகி கண்டுபிடித்துவிடுவதை எழுதினாள். மூன்று வருஷத்தில் ஒருத்தியையும் குரல் உயர்த்தி ஏசியதில்லை என்று எழுதினாள். பந்து கீழே விழாமல் ஆடுகிற அணி எங்கள் அணி, அதற்குக் காரணம் இந்தப் பெண் ஒருத்திதான் என்று எழுதினாள். அதோடு நிற்கவில்லை. இறுதி ஆட்டத்தில் பயிற்சியாளர் தப்பான வரிசை கொடுத்தும் அணி ஜெயித்தது இவள் கொடுத்த பழக்கத்தால்தான் என்றும் எழுதினாள். எழுதிவிட்டு அதை அடிக்கப் பேனாவைக் கொண்டுபோனாள். அடித்தால் கடிதத்தின் பலம் குறைந்துவிடுமே என்று விட்டுவிட்டாள்.

நாலு பக்கம் ஆகிவிட்டது. இருபத்து மூன்று வருஷத்தில் எந்த ஆட்டக்காரியையும் அவள் இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. காதலிக்கிறவர்களுக்கு அடுத்தபடியாகப் பொறாமைப்படுகிறவர்கள்தான் ஒரு ஆளை இப்படிக் கவனிப்பார்கள்.

பழனி கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றினார். "இன்னா, பரீட்ச எழுதிகினு இருக்கியா?" என்று கடிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நாலு பக்கத்தையும் படித்தார்.

"இவ்ளோ நல்ல பொண்ணா அது? அப்புறம் இன்னாத்துக்குத் தெனம் வூட்டுக்கு வந்து அத கரிச்சிக் கொட்ற?"

"நல்லவதான். நல்லவளா வேற எடத்துல போயி இருக்கட்டும்."

"அது சரி. எனக்கும் ஒரு நாளைக்கு இப்டி நாலு பக்கம் எழுதிக் குடு. நானும் வூட்ட வுட்டு எங்கியாச்சும் போறேன்."

மறுநாள் நிர்மலா கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டப் போனாள். அப்போதுதான் இன்னொரு யோசனை வந்தது. அதிபுத்தி என்பார்களே, அது. இந்தப் பெண்ணுக்குத் தன்னம்பிக்கை கம்மி. பெரிய காலேஜ், தெரியாத ஊர் என்று கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்கிவிட்டால்? தன்னைப் பற்றி எழுதியிருப்பதை அவளே ஒரு தடவை படித்துவிட்டால் தைரியமாகக் கிளம்பிவிடுவாள். கவரை ஒட்டாமல் கண்ணகியின் கையில் கொடுத்தாள்.

"படிச்சிப் பாத்துட்டு நீயே போஸ்ட் பண்ணிடு."

கண்ணகி வாங்கிக்கொண்டு போனாள். அன்று வியாழக்கிழமை. வெள்ளி, சனி இரண்டு நாளும் கண்ணகி லீவு. நேர்முகத்துக்குத் துணி எடுக்கப் போயிருப்பாள் என்று நிர்மலா சந்தோஷமாக நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை பயிற்சியில் பெண்களைப் பார்த்துக் கத்தவே இல்லை. மேடத்துக்கு உடம்புக்கு ஏதாவதா என்று சுபஸ்ரீ கேட்டேவிட்டாள்.

திங்கட்கிழமை மதியம், மைதானத்து வேப்ப மரத்தடியில் நிர்மலா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது கண்ணகி வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் அதே கவர்.

"ஏன், இன்னும் போஸ்ட் பண்ணல?"

"பண்ணல மேடம். நான் போவல."

நிர்மலாவுக்கு நாற்காலி ஒரு பக்கம் இறங்கினதுபோல் இருந்தது. "போவலயா? இன்னாத்துக்குப் போவல? அவ்ளோ பெரிய காலேஜு. ஹெட் கோச்சு. பைத்தியமா நீ?"

"மூணு வருசமா என்ன உங்களுக்குப் புடிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன் மேடம். தெனம் காலைல பஸ்ல வரும்போதே பயமா இருக்கும், இன்னிக்கி இன்னா தப்பு பண்ணப் போறமோன்னு. அதான் எங்கியாச்சும் போயிடலாம்னு அப்ளிகேசன் போட்டேன். வேற எதுக்கும் இல்ல." கண்ணகி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "இத ஊருக்கு எடுத்துனு போயி எங்கப்பாருக்குப் படிச்சிக் காமிச்சேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டாரு. 'இப்பிடி ஒரு மனுசி இருக்கற எடத்த வுட்டுட்டு எங்கடி போற'ன்னு சொல்லிட்டாரு."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. நிர்மலா வாயைத் திறந்தாள். அந்தப் பெண்ணைப் போகச் சொல்ல இன்னும் வழி இருந்தது. நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதும், உன் எதிர்காலம், உன் முன்னேற்றம் என்று. இருபத்து மூன்று வருஷம் அப்பன்மார்களையே பேசி மடக்கிய வாய்.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? இதுல எழுதியிருக்கறது எல்லாம் நெசந்தானா? அந்த சிலிப்பு விசயம்கூட?"

நிர்மலா மைதானத்தைப் பார்த்தாள். வெயிலில் வலை தொய்ந்து கிடந்தது. பேசி மடக்கத்தான் வாயைத் திறந்திருந்தாள். வந்தது வேறு.

"எல்லாம் நெசம்தான். அதான் எனக்குப் பொறுக்கல. உன்ன அனுப்பறதுக்குத்தான்டி எழுதுனேன்."

கண்ணகி கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள், இல்லையென்றால் கத்துவாள், கடிதத்தை முகத்தில் எறிந்துவிட்டு சேலத்துக்குப் பஸ் ஏறுவாள் என்று நிர்மலா காத்திருந்தாள். எறிந்தால் தேவலை என்றுகூட இருந்தது.

கண்ணகி கவரை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"பொறுக்கலன்னா பரவால்ல மேடம்" என்றாள். "நான் இருக்கேன்."

சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலப் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினாள். தன்னால் ஏழு ஜென்மத்திலும் இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது என்று நிர்மலாவுக்குத் தெரிந்தது. இதிலும் அவள் தன்னை மிஞ்சிவிட்டாளே என்று மறுபடியும் வயிறு எரிந்தது.